30 படம் சரி, எத்தனை நொடிக்கு?

கே: ஜல்லிக்கட்டு எடுப்பதற்காகவே கேனான் ஆர்7 வாங்கினேன். நொடிக்கு 30 படம் என்றார்கள். காளை வாடிவாசலைத் தாண்டி, வீரர் திமிலைப் பிடிக்கும் நேரம் பார்த்து கேமரா திணறி நின்றுவிடுகிறது. சர்வீஸில் கோளாறே இல்லை என்கிறார்கள். மெமரி கார்டு வி30 வகை. (அலங்காநல்லூர் வாசகர்)

ப: கோளாறு இல்லை என்பது உண்மைதான். விற்றவர் பாதியை மட்டும் சொல்லி விற்றிருக்கிறார். எடுக்கிற படம் நேரே கார்டுக்குப் போவதில்லை. கேமராவுக்குள் இருக்கும் பஃபர் நினைவகத்தில் முதலில் சேர்ந்து, அங்கிருந்துதான் கார்டில் எழுதப்படுகிறது. சேரும் வேகத்துக்கு எழுத முடியாவிட்டால் பஃபர் நிரம்பும். அதன்பிறகு கார்டு காலி செய்து கொடுக்கும் இடத்துக்கு ஏற்பத்தான் அடுத்த படம் விழும்.

உங்கள் கேமராவுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கையே பாருங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் (திரை அசையாமல் சென்சாரே படம் பிடிக்கும் முறை) நொடிக்கு 30 வீதம் எடுத்தால் ஏறத்தாழ 42 ரா படங்கள் (ரா என்பது சென்சார் தந்த தகவல் முழுவதும் இருக்கும் பெரிய கோப்பு). ஒன்றரை நொடிகூட வராது. மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 வீதம் ஏறத்தாழ 51, அதாவது மூன்று நொடிக்குச் சற்று மேல். இதுவும் வேகமான யுஎச்எஸ்-2 கார்டு (பின்பக்கம் தொடுபுள்ளிகள் இரண்டு வரிசை உள்ள வகை) போட்டால்தான். வி30 என்பதற்கு அர்த்தம், நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்ற உத்தரவாதம், அவ்வளவே. 32 மெகாபிக்சல் ரா ஒன்றே அந்த அளவுக்கு வரும்.

இதில் எனக்குப் பல வருட ஆத்திரம் ஒன்று உண்டு. கேமரா விளம்பரத்தில் '30' கொட்டை எழுத்தில் இருக்கும். அது எத்தனை நொடி தாங்கும் என்பது விவரப் பட்டியலின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். கார்டிலும் இதே கதைதான். முகப்பில் பெரிதாகப் போடுவது படிக்கும் வேகம், அதாவது கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது உதவுவது. வெளியில் நின்று படம் எடுப்பவருக்கு வேண்டியது எழுதும் வேகம். நான் ஒருமுறை 170 என்று முகப்பில் போட்ட கார்டை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். எழுதும் வேகம் 90 என்று பொட்டலத்தின் பின்பக்கம் இருந்தது. கடைக்காரரும் 170ஐத்தான் விரலால் தட்டிக் காட்டினார். சட்டப்படி பொய் இல்லை, ஆனால் வாங்குபவர் எதைப் பார்த்து ஏமாறுவார் என்று தெரிந்தே அச்சடிக்கிறார்கள். எழுதும் வேகத்தையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று விதி வராதவரை இது ஓயாது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: வி60 அல்லது வி90 கார்டு வாங்குங்கள். மெனுவில் சி-ரா (சுருக்கிய ரா) தேர்ந்தெடுங்கள், கோப்பு நன்றாகச் சுருங்கும். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே படத்தை எழுதும்படி வைத்திருந்தால் மாற்றுங்கள், இல்லையேல் மெதுவான கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு வாருங்கள். இந்த கேமராவின் எலக்ட்ரானிக் ஷட்டரில் பாயும் காளையின் கால்கள் சாய்ந்து கோணலாக விழும். வ்யூஃபைண்டரில் இன்னும் எத்தனை படம் தாங்கும் என்ற எண் தெரியும்படி வைக்கலாம். காளை வெளியே வந்ததுமே பட்டனை அழுத்திக்கொண்டு நிற்காமல், அந்த எண்ணைத் திமில் பிடிக்கும் நேரத்துக்கு மிச்சம் பிடியுங்கள்.

கே: பஃபர் நினைவகத்தைக் காசு கொடுத்துக் கூட்ட முடியுமா?

ப: முடியாது. 2012இல் கேனான் 7டி கேமராவுக்கு வந்த புதிய ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) தொடர்ந்து எடுக்கக்கூடிய ரா படங்களின் எண்ணிக்கையை 15இலிருந்து 25ஆக உயர்த்தியது. அது அபூர்வம். நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கே: வேடந்தாங்கலில் பறவைகள் எடுக்க, பழைய நிக்கான் டி7100 மலிவாக வருகிறது. வாங்கலாமா?

ப: பறந்துகொண்டிருக்கும் பறவைக்கு வேண்டாம். முழுத் தர (14 பிட்) ராவில் ஆறே படத்தில் பஃபர் நிரம்பிவிடும். கொஞ்சம் கூடக் கொடுத்து டி7200 பாருங்கள், 18 வரை போகும்.

கே: ஆன்லைனில் 512 ஜிபி கார்டு வாங்கினேன். தங்கை மகளின் கபடிப் போட்டி முழுக்க எடுத்தேன். முதல் சில நூறு படங்களுக்குப் பிறகு ஒன்றுமே திறக்கவில்லை. திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டது என்று கைவிரிக்கிறார்கள். (தேனி வாசகி)

ப: படிக்கவே வேதனையாக இருக்கிறது, அந்தப் போட்டி திரும்ப வராது. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை அம்மா. கொள்ளளவு குறைந்த கார்டை 512 என்று காட்டும்படி திருத்தி விற்றிருக்க வாய்ப்பு அதிகம். முதலில் திறக்கும் படங்களை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். அந்தத் திரையைப் படம் எடுத்து, பில்லோடும் உறையோடும் வையுங்கள். உறையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி இல்லையென்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

திருப்பித் தரும் கெடு என்பது அவர்கள் வைத்த விதி. போலிப் பொருளுக்கு எதிரான உங்கள் உரிமை அதோடு முடிவதில்லை. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணிலும் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கே: பழைய டிஎஸ்எல்ஆருக்கு விலை உயர்ந்த வி90 கார்டு வாங்கினேன். வேகம் துளியும் கூடவில்லை. கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?

ப: எதற்கு? கேமரா பெயரைச் சொல்லிக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அந்தக் கார்டின் பின்பக்கம் தொடுபுள்ளிகள் இரண்டு வரிசை இருக்கும். உங்கள் கேமரா ஸ்லாட் ஒரு வரிசையை மட்டுமே தொடும், எனவே பழைய யுஎச்எஸ்-1 வேகம்தான் கிடைக்கும். எந்தக் கார்டு பொருந்தும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. கார்டு நல்ல கார்டு, புது கேமரா வாங்கும்போது உதவும்.

கே: பள்ளி விளையாட்டு விழாவுக்கு ராவா, ஜேபெக்கா?

ப: ஜேபெக். கேமராவே சுருக்கித் தரும் சிறிய கோப்பு, அதனால் பஃபர் பல மடங்கு தாங்கும்.