செயின்ட் ஹெலினாவின் ஆளுநர் மாளிகை: பராமரிப்புச் செலவு யாருடையது?

அன்புள்ள ஐயா,

தென் அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் ஆட்சிப்பகுதியாக உள்ள செயின்ட் ஹெலினா தீவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும், பிரிட்டனின் உதவித்தொகை இல்லாமல் வரவுசெலவை ஈடுகட்ட முடியாத ஒரு தீவில், ஆளுநருக்காக 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றைப் பராமரிப்பது நியாயமா? அதை விற்றுவிட்டு அந்தப் பணத்தை மருத்துவமனைக்குக் கொடுக்கலாம் அல்லவா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால், விற்றுவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிளான்டேஷன் ஹவுஸ் என்ற அந்த மாளிகையை 1792இல் கட்டியது கிழக்கிந்திய கம்பெனி. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் லண்டன் திரும்பிய கம்பெனிக் கப்பல்கள் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ள இத்தீவில் நின்றன. தீவின் பிழைப்பும் அவற்றை நம்பியே இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பல்கள் வழி மாறின. பிறகு கைகொடுத்த, கயிற்றுக்கான நார் எடுக்கும் தொழிலும், பிரிட்டனின் அஞ்சல் துறை செயற்கைக் கயிற்றுக்கு மாறியதைத் தொடர்ந்து 1966இல் முடிவுக்கு வந்தது. இந்த வறுமையில் தீவு மக்களின் பிழை எதுவும் இல்லை. மாளிகை மட்டும் கம்பெனி காலத்து அளவிலேயே நிற்கிறது.

பழைய கட்டடத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது தீவு மக்களுக்கு நன்றாகத் தெரியும். 1840களில், பிடிபட்ட அடிமைக் கப்பல் ஒன்றின் மரத்தோடு வந்திறங்கிய கரையான், தலைநகரான ஜேம்ஸ்டவுனின் வீடுகளை உள்ளிருந்தே அரித்துவிட்டது. இன்று ஒரு உத்தரத்தை மாற்றாமல் மிச்சப்படுத்தும் பணம், சில ஆண்டுகளில் ஒரு கூரையின் செலவாகத் திரும்பி வரும். விற்பதானாலும் வாங்குவோர் வெளியிலிருந்துதான் வர வேண்டும். 1832 வாக்கில் பிறந்ததாகக் கருதப்படும் ஜோனத்தன் என்ற ஆமை மேயும் மாளிகைப் புல்வெளி, பிறகு தீவு மக்களுக்கு அன்னியமாகிவிடும். அதை நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, செலவு யாருடையது என்பதையே நாம் கேட்க வேண்டும். ஆளுநரைத் தீவு மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, லண்டன் நியமிக்கிறது. கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் நியாயமான தேவைகளுக்கே உதவி நிதியில் முதலிடம் என்று பிரிட்டன் தன் கொள்கையாக அறிவித்திருக்கிறது. அந்த நிதியிலிருந்தே மாளிகையின் சாளரத்தையும் பழுதுபார்க்க வேண்டும் என்றால், சாளரமும் மருத்துவமனைப் படுக்கையும் ஒரே வரிசையில் நிற்க நேரும். எது முந்தினாலும் மக்களுக்கு மனத்தாங்கல்தான். கரீபியக் கடலில் உள்ள, பிரிட்டனின் இன்னொரு ஆட்சிப்பகுதியான மான்ட்செராட் தீவை எண்ணிப் பாருங்கள். 1995இல் எரிமலை குமுறத் தொடங்கியபின் தலைநகர் பிளிமத் கைவிடப்பட்டது, மக்களில் பெரும்பகுதியினர் தீவை விட்டே வெளியேறினார்கள். எஞ்சியவர்கள் முகாம்களில் வீடின்றிக் காத்திருந்தபோது, ஆளுநரின் இல்லத்துக்கும் வடக்கே வேறு இடம் தேட வேண்டியிருந்தது. அப்படியான வேளையில் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவது கொடுமை.

நியமிக்கும் அரசே, தன் வெளியுறவுத் துறையின் கணக்கில், உதவி நிதியைத் தொடாமல், கட்டடத்தின் பராமரிப்பை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. ஆளுநர் குடும்பத்தின் சொந்த வசதிக்கான செலவை அதிலிருந்து பிரித்துக் காட்டி, இரண்டையும் ஆண்டுதோறும் தீவு மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். நீங்கள் கேட்ட மருத்துவமனைக்கு விற்பனைப் பணம் ஒருமுறைதான் கிடைக்கும். இந்த ஏற்பாட்டில் அதன் ஒதுக்கீட்டின் மீது ஆண்டுதோறும் யாரும் கைவைக்க முடியாது.