பதிவு ஒன்று, பேச்சு வேறு: தரவை நீக்கலாமா?

வணக்கம். கொள்முதல் ஒப்புதலுக்கு மூன்று நாள் ஆகிறது என்று ஊழியர்கள் நேர்காணலில் சொல்கிறார்கள்; யார், எப்போது, என்ன செய்தார் என்று மென்பொருள் குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவிலோ அத்தனை ஒப்புதல்களும் மாலை ஐந்தரை மணியளவில் சில நிமிடங்களுக்குள் முடிந்திருக்கின்றன; இவற்றைப் பிழை என்று நீக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீக்காதீர்கள். உங்கள் ஆய்வேட்டின் சுவையான பகுதியே அதுதான்.

என் ஊகம் இது: உண்மையான ஒப்புதல் தொலைபேசியிலும் தாளிலும் நடக்கிறது. பகலில் சேர்ந்ததை யாரோ ஒருவர் மாலையில் மொத்தமாகக் கணினியில் ஏற்றுகிறார். பதிவிலிருப்பது வேலை நடந்த நேரமல்ல, விசையைத் தட்டிய நேரம்.

ஊகத்தைச் சோதிப்பது எளிது. பயனர் பெயர் உள்ள நெடுவரிசையைப் பாருங்கள். ஐந்து மேலாளர்கள் தர வேண்டிய ஒப்புதல் ஒரே கணக்கிலிருந்து வந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. எல்லாம் ஒரே நொடியில் பதிவாகியிருந்தால் அது மனிதர் அல்ல, இரவுக்கு முன் ஓடும் தானியங்கி நிரல்; அப்போது கதையே வேறு.

நிகழ்வுப் பதிவுகளிலிருந்து வேலை நடக்கும் விதத்தைக் கண்டறியும் துறையான செயல்முறை அகழ்வு பற்றி, ஐஇஇஇ (IEEE) என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பின் பணிக்குழு 2011இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, நிகழ்வுப் பதிவுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருகிறது. கையால் ஏற்றப்படுபவை பெரும்பாலும் ஒற்றை நட்சத்திரக் கடைசிப் படியில்தான் நிற்கின்றன. ஆகவே இந்தப் பதிவை வைத்துக் கால அளவையோ தாமதத்தையோ கணக்கிடாதீர்கள். நிகழ்வுகளின் வரிசையைக்கூட நான் முழுதாக நம்பமாட்டேன். ஆனால் ஊகம் சரியென்றால், மென்பொருளைச் சுற்றிக்கொண்டு ஊழியர்கள் வேலையை முடிக்கும் இந்த வழக்கத்தைப் பற்றி 'மாற்றுவழி நடைமுறைகள்' என்று ஓர் இயலாகவே எழுதலாம்.

அதற்கு முன், ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அனுமதி வாங்கிக்கொண்டுதான்.