பங்கு அறிவிப்புகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

தேவகோட்டைக்கு அருகில் ஒரு கத்தோலிக்கப் பங்கை, அதாவது ஒரு கோயிலைச் சார்ந்த மக்கள் சமூகத்தை, சேர்ந்தவன் நான். பங்குப்பேரவையில் இளைஞர் பிரதிநிதியாகவும் இருக்கிறேன். ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்கிவிட்டு வந்து அமர்ந்து, மனம் சற்று ஒடுங்குகிற நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புகள் தொடங்கிவிடுகின்றன. வாரத்தின் பூசைக் கருத்துகள் (எந்தப் பூசை யாருக்காக என்பது), திருமண ஓலைகள் (நடக்கவிருக்கும் திருமணங்களின் முன்னறிவிப்பு), அன்பியம் என்ற அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களில் எதன் கூட்டம் யார் வீட்டில், மறைக்கல்வித் தேர்வு, வரி பாக்கி வைத்திருப்போர் பெயர்கள், மின்விசிறி வாங்கிக் கொடுத்தவருக்கு நன்றி என்று கால் மணி நேரம் போய்விடுகிறது. இவை அத்தனையும் முந்தின நாள் இரவே பங்கின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகின்றன. வழிபாட்டுக்குள் நிர்வாகம் எதற்கு? கோயிலில் அறிவிப்பு வாசிப்பதை அடியோடு நிறுத்திவிட்டுக் குழுவில் மட்டும் அனுப்பலாம் என்று அடுத்த பேரவைக் கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, அறிவிப்பு உங்கள் செபத்தைக் கலைக்கிறது என்பது. மற்றொன்று, அறிவிப்புக்கே வழிபாட்டில் இடமில்லை என்பது. முதல் குறை நியாயமானது. அதற்குத் தீர்வும் திருப்பலி நூலிலேயே இருக்கிறது. நற்கருணை வழங்கி முடிந்ததும் சிறிது நேரம் மௌனம் காக்கலாம், அல்லது ஒரு புகழ்ப்பாடல் பாடலாம். அதன் பின் குரு எழுந்து நற்கருணைக்குப் பிந்தைய மன்றாட்டைச் சொல்ல வேண்டும். தேவையிருந்தால், அதுவும் சுருக்கமாக, அறிவிப்புகள் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். இறுதி ஆசீர் அதை அடுத்து வருகிறது. பல பங்குகளில் நடப்பது வேறு. மக்கள் அமர்ந்தவுடனேயே நோட்டைத் திறந்துவிடுகிறார்கள், எல்லாம் வாசித்து முடித்த பிறகு அந்த மன்றாட்டை அவசரமாகச் சொல்லி எழுப்பி அனுப்புகிறார்கள். உங்கள் பங்கிலும் வரிசை இப்படித்தான் மாறிப்போயிருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. முறைப்படி வைக்கச் சொல்லிப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். மறுக்க அவருக்குக் காரணம் இராது.

இரண்டாவது குறையை நான் ஏற்கவில்லை. கிறிஸ்தவர்களின் ஞாயிற்றுக் கூடுகையில் நடைமுறைக் காரியங்கள் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டவை என்று நினைப்பது தவறு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில், உயிர்ப்பைப் பற்றிய அத்தனை பெரிய போதனைக்கு அடுத்தபடியாகப் பவுல் எருசலேம் இறைமக்களுக்கான நன்கொடையைப் பற்றித்தான் பேசுகிறார்: வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் வருவாய்க்கு ஏற்பச் சேர்த்துவைக்க வேண்டும், சேர்ந்ததை எடுத்துச்செல்லும் ஆட்களையும் கொரிந்தியரே தேர்ந்தெடுக்க வேண்டும். கி.பி. 155-ஐ ஒட்டிப் புனித ஜஸ்டின் ரோமைப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு வழிபாட்டை வரிசையாகச் சொல்லிவருகிறார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, நற்கருணை, வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணை எடுத்துச்செல்வது. உடனே அடுத்த வரியில், வசதியுள்ளோர் விரும்பியதைக் கொடுக்க, அது தலைவரிடம் சேர்ந்து, அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டோருக்கும் வழிப்போக்கர்களுக்கும் போய்ச் சேர்வது. உங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைகளுக்காக உதவி திரட்டி வாசலில் நிற்கும்போது நடப்பதும் இதுதான். 1833-இல் பாரிசில் தொடங்கிய சபை அது. அதன் வேலையோ ஜஸ்டின் காலத்தது.

இனி ஓலைக்கு வருகிறேன். நீங்கள் எடுத்துவிட நினைப்பவற்றுள் மிகவும் யோசிக்க வேண்டியது அதுதான். மணமகன், மணமகள், பெற்றோர், பங்கு எல்லாம் வாசித்து, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று முடிப்பதைச் சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகியதால் அது சடங்குபோல் காதில் விழுகிறது. சாட்சியில்லாமல் இரகசியமாக மணந்துவிட்டுப் பிறகு மறுத்துவிடுகிறவர்களால் ஐரோப்பாவில் பெரும் குழப்பம் இருந்தது. அதைத் தடுக்க 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுச்சங்கம் திருமணத்தை முன்கூட்டி அறிவிக்கப் பணித்தது. 1563 நவம்பரில் திரிதெந்தின் சங்கம், கடன் திருநாள்களில் (கட்டாயம் திருப்பலி காண வேண்டிய நாள்களில்) திருப்பலியின்போது மூன்று முறை வாசிக்க வேண்டும் என்று வரையறுத்தது. 1983-இன் திருச்சபைச் சட்டம் வாசிக்கும் முறையை ஆயர் பேரவைகளின் முடிவுக்கு விட்டிருந்தாலும், தடை தெரிந்தவர் சொல்லியாக வேண்டும் என்ற கடமையை அப்படியே வைத்திருக்கிறது.

நம் பகுதியில் அந்தக் கடமைக்கு வேலை இருக்கிறது. மாமன் மகளையும் அத்தை மகனையும் முறை என்று சொல்லிக் கட்டிவைக்கும் ஊர் நம்முடையது. திருச்சபைச் சட்டத்தின்படி அது நான்காம் படி இரத்த உறவு, அதற்கு மறைமாவட்டத்திலிருந்து விலக்கு பெற வேண்டும். அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பது இன்னும் நெருங்கிய மூன்றாம் படி. உறவு முறையை மறந்தோ மறைத்தோ மனு எழுதிவிட்டால், பங்கு அலுவலகப் பதிவேட்டில் அது அகப்படாது. கோயிலில் தூணோரம் அமர்ந்திருக்கும் ஒரு பெரியம்மாவுக்குத்தான் யார் யாருக்கு என்ன முறை என்று தெரியும். பல ஆண்டுகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்துவிட்டு ஊருக்குப் பெண் பார்க்க வருகிற பையனைப் பற்றியும் அப்படித்தான்: அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் யாராவது அந்த ஞாயிறு கோயிலில் இருப்பார்.

கத்தோலிக்கர் மட்டும் இதைச் செய்யவில்லை. உங்கள் தெருவிலேயே நகரத்தார் வீட்டுத் திருமணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்திடுவதைப் பார்த்திருப்பீர்கள். மணமக்களின் நகரக் கோயில்களிலிருந்து மாலை வருகிறது. மணமானதும் அந்தத் தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுகிறார்கள், கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். இரண்டு பேர் சேர்வது இரண்டு பேர் காரியம் மட்டும் என்று செட்டிநாட்டில் யாருமே நினைத்ததில்லை. நம் மறைமாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஓரியூரின் வரலாறும் ஒரு திருமண வழக்கில்தான் தொடங்குகிறது. மறவர் சீமையின் தடியத்தேவர் திருமுழுக்குப் பெறுவதற்காகத் தம் மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவருள் இளையவர் இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரண்மனையில் முறையிட்டார். வழக்கு, திருமுழுக்குக் கொடுத்த குருவான அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) மேல் திரும்பி, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. புனிதரின் வீரத்தைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை கேட்கிறோம். ஒரே நாளில் கணவனில்லாமல் போன அந்தப் பெண்களின் பக்கத்தை எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை.

வாட்ஸ்அப் குழுவை நான் குறைசொல்லவில்லை. 2020-இல் ஊரடங்கின்போது புனித வாரம் முழுவதும் கோயில்கள் பூட்டிக் கிடந்தன; அப்போது பங்கு என்ற ஒன்று கைப்பேசியில்தான் உயிரோடிருந்தது. இரவில் ஒருவர் இறந்தால், அடக்கப் பூசை எத்தனை மணிக்கு என்று விடியுமுன் கிளைப்பங்குகள் வரை தெரிந்துவிடுகிறது. முன்பு இதற்காகக் கோயில்பிள்ளை சைக்கிளில் அலைவார். வெளிநாட்டிலிருப்பவர்கள் ஊர்த் திருவிழாவின் கொடியேற்றத்தைப் பார்க்கிறார்கள். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் உங்கள் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தால் அது மகனோடு திருப்பூரில் இருக்கும். தாய் இங்கே இருப்பார். இருப்பவர்களும் முந்நூறு காலை வணக்கச் செய்திகளுக்கு நடுவே இதைத் தேட வேண்டும். நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் குழுவாக இருந்தால் பதில் கேள்விக்கே வழியில்லை.

திருப்பலியின் நடுவில் எழுந்து நின்று யாரும் கேள்வி கேட்பதில்லைதான். ஆனால் ஒரு செய்தியைத் தனித்தனியாக முந்நூறு பேர் படிப்பதற்கும், முந்நூறு பேர் ஒன்றாக அமர்ந்து கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. கோயிலில் வாசித்ததை எல்லோரும் கேட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வாசித்தவருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று பின்னால் ஒருவரும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லவேயில்லை என்று நிர்வாகமும் மாற்றிப் பேச முடியாது. பூசை முடிந்து வாசலில் சாமியார் நிற்கும்போது, வேப்பமரத்தடியில் நாலு பேர் கூடி, அவர் வாசித்த தொகையைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே கணக்கு கட்டாயம் வாசிக்கப்பட வேண்டும். விசுவாசிகள் திருச்சபைக்குக் கொடுத்தவற்றுக்கு நிர்வகிப்போர் விசுவாசிகளிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1287-ஆம் விதி சொல்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்று 537-ஆம் விதி சொல்கிறது. 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணமும் வெளிப்படைத்தன்மையையும் பொறுப்புக்கூறலையும் விரிவாகவே வலியுறுத்துகிறது. உங்கள் கடிதத்தில் அறிவிக்கப்படுகிறவை என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது, அதில் கணக்கு மட்டும் இல்லை. நீங்கள் எழுத மறந்திருக்கலாம். உண்மையிலேயே வாசிக்கப்படுவதில்லை என்றால், பேரவையில் நீங்கள் முன்மொழிய வேண்டியது அதைத்தான்.

இந்தப் பொதுவில் வைக்கும் வழக்கத்தை நம் மக்கள் நன்றாக அறிந்தவர்கள். கிராமத்துப் பங்குகளில் பூசைக்குப் பின் நடக்கும் ஏலத்தைப் பாருங்கள். முதல் காய்ப்புப் பூசணி, ஒரு சீப்பு வாழை, காலில் கயிறு கட்டி மேசைக் காலோடு பிணைத்த நாட்டுக்கோழி. உபதேசியார் தொகையைக் கூவக் கூவ, ஏலம் எடுத்தவர் கோழியைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வருகிறது. அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறன்று இதைச் சிறுவர்கள் நடத்துகிறார்கள். எவ்வளவுக்குப் போனது, யார் எடுத்தார் என்பதில் இரகசியம் இல்லை. சின்னப் பையன்கூட மொத்தத்தைச் சொல்லிவிடுவான்.

உங்களோடு முழுவதும் உடன்படும் இடங்களும் உண்டு. வரி பாக்கி வைத்திருப்போர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பது கொடுமை. அந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அன்பியத்தில் இருக்கும் இருபது முப்பது குடும்பங்களுக்குத் தெரியும்; அவர்கள் போய் விசாரித்திருக்க வேண்டும். நற்கருணை உட்கொண்ட வாயால் ஏழையின் பெயரைக் கடன்காரன் பட்டியலில் சேர்த்து வாசிப்பதை எந்தத் திருவிழாச் செலவும் நியாயப்படுத்தாது. மின்விசிறிக்கு நன்றியும் அப்படியே. உபயதாரர் பெயர் விசிறியின் இறக்கையிலேயே எழுதியிருக்கிறது, சுற்றாத நேரத்தில் படித்துக்கொள்ளலாம்.

பூசைக் கருத்துகளைப் பொறுத்தவரை, அந்தந்த நாள் திருப்பலியின் தொடக்கத்தில் அந்தந்தப் பெயரைச் சொன்னால் போதும்; வாரம் முழுவதற்கும் உள்ள பட்டியலைப் பலகையில் ஒட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு திருப்பலி பங்கு மக்கள் அனைவருக்குமாக ஒப்புக்கொடுக்கப்பட வேண்டியது, அதற்குக் காணிக்கை கிடையாது. பல கருத்துகளை ஒரே பூசையில் சேர்ப்பதற்கும் 1991-இல் வத்திக்கான் எல்லை வகுத்திருக்கிறது: கொடுப்பவர்களுக்குத் தெரிவித்து, அவர்கள் சம்மதத்தோடு, ஓரிடத்தில் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போகாமல்.

பேரவைக்கு நீங்கள் கொண்டுபோகும் தீர்மானத்தை இப்படி மாற்றி எழுதலாம். நற்கருணைக்குப் பின் மௌனம், மன்றாட்டு, அதன் பிறகே அறிவிப்பு. ஓலைகள், இறந்தோர் பெயர், அந்த வாரத்தில் யாருக்கு உதவி தேவை என்பது, மாதத்தில் ஒரு ஞாயிறு வரவு செலவு, இவை மட்டும் வாசிக்கப்படும். மீதி எல்லாம் பலகைக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகும். வாசிக்கிறவர் குருவாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மரியாயின் சேனையிலோ மாதர் சங்கத்திலோ தெளிவாக வாசிக்கக்கூடிய ஒருவரை முறை வைத்து அமர்த்தலாம். குழுவுக்கு அனுப்புவதைச் சனிக்கிழமை இரவிலிருந்து ஞாயிறு மாலைக்கு மாற்றிவையுங்கள். கணக்கு வாசிப்பது எந்த ஞாயிறு என்பதைக் கூட்டத்திலேயே தேதி குறித்து நிகழ்ச்சிப் பதிவேட்டில் எழுத வையுங்கள், இல்லாவிட்டால் அது திருவிழாவுக்குப் பிறகு பார்ப்போம் என்று போய்விடும்.

அன்புடன்