வேலைகளைச் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டி நகர்த்தும் கான்பான் முறையில், ‘கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு’ என்றால் என்ன? அது எதற்கு?

தொடங்கி, இன்னும் முடிக்காத வேலைகள் ஒரே நேரத்தில் இத்தனைக்கு மேல் இருக்கக் கூடாது என்று குழு வைத்துக்கொள்ளும் எண்ணிக்கைதான் இந்த வரம்பு. டொயோட்டா கார் நிறுவனத்தில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ வளர்த்த கான்பான் முறையின் வழி வந்தது. இன்று மென்பொருள் குழுக்களிலும் உண்டு.

காரணம் வெறும் கணக்கு. நாளுக்கு 4 கோப்பு முடிக்கும் அலுவலகத்தில் 20 கோப்பு பாதியில் கிடந்தால், ஒரு கோப்பு வெளியேறச் சராசரியாக 5 நாள். 8 என்றால் 2 நாள். யாரும் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டாம்.

காரைக்குடியில் கல்யாணப் பலகாரம் போடும் இடத்தை நினையுங்கள். கைமுறுக்கு சுற்ற நாலு பேர், அடுப்பில் ஒரே சட்டி. சுற்றியது துணியிலேயே காய்ந்து, எடுக்கும்போது உடையும். அதைவிட மோசம், உப்பு கூடியது முதல் ஈடு வெந்த பிறகுதான் தெரியும். அதற்குள் நூறு முறுக்கு சுற்றியாகிவிடும். ‘ஒரு துணி நிறைந்தால் சுற்றாதே’ என்பதுதான் வரம்பு.

தொடக்கத்தில் ஆளுக்கு ஒன்று என வைத்து, ஒவ்வொன்றாகக் குறையுங்கள்; எங்கே தேங்குகிறது என்பது தானே தெரியும். வரம்பு எழுதாத பலகையில் எத்தனை வண்ணச் சீட்டு ஒட்டினாலும் அது பாக்கிப் பட்டியல்தான்.

வரம்பு நிறைந்தால் ஆட்கள் சும்மா உட்காருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். புதிதாகத் தொடங்கத்தான் தடை, சட்டிப் பக்கம் போய்க் கைகொடுக்கத் தடையில்லை.