வால் கட்டிய காத்தாடி

அன்புள்ள ஐயா,

நான் காசிமேட்டில் வசிக்கிறேன். கன்டெய்னர் யார்டு ஒன்றில் ஷிப்ட் வேலை. ரிச்சி தெருவில் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்ட கணினியில் இரவு நேரங்களில் ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ என்னும் கடற்கொள்ளையர் விளையாட்டை ஆடுகிறேன். தோண்டி எடுத்த புதையலைக் கரையில் கொண்டுபோய் விற்கும் வரை எந்தக் கப்பலும் நம்மைத் தாக்கி அதைப் பறித்துக்கொள்ளலாம் என்பதே அந்த விளையாட்டின் உயிர். 2023 டிசம்பரில் ‘சேஃபர் சீஸ்’ என்று தனிக் கடல் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். அங்கே நம் குழுவைத் தவிர வேறு ஆட்டக்காரர்களே கிடையாது. பயந்தவர்கள் எல்லாம் அங்கே ஒதுங்கிவிட்டதால் எங்கள் கடல் வெறிச்சோடிக் கிடக்கிறது. கொள்ளை வேண்டாம் என்பவர்கள் வேறு விளையாட்டுக்குப் போகலாமே? சண்டையிலிருந்து விலகிக்கொள்ளும் வசதியை ஓர் ஆன்லைன் விளையாட்டு தரலாமா? வட சென்னைக்காரர்களான நாம் சண்டைக்கு அஞ்சலாமா? என் தங்கைகூட, மூன்று மணி நேரம் சேர்த்த புதையலை ஒருநாள் கரைக்கு அருகில் பறிகொடுத்ததிலிருந்து அந்தக் கடலில்தான் ஆடுகிறாள், என்னோடு வருவதில்லை. இதையெல்லாம் நேர விரயம் என்று நினைப்பீர்களோ என்னவோ.

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

நேர விரயமா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். ஷிப்ட் முழுவதும் பெட்டிகளை எண்ணிவிட்டு வருகிற ஒருவர் தனக்கு மிஞ்சிய இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கரையை நெருங்கும்போது பின்னால் ஒரு பாய்மரம் தெரிந்ததும் உங்கள் கை நடுங்குமே, அந்த நடுக்கத்தின் ருசியும் எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் பதில் எழுதுகிறேன். சென்ற வாரம் இராயபுரத்தில் உறவினர் வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தபோது செய்தித்தாள் வால் கட்டிய காத்தாடி ஒன்று மேற்கே ஏறுவதைப் பார்த்தேன். அன்று முதல் மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் பிடித்து இழுத்துவிட்டது.

முதலில் திட்டிவிடுகிறேன். வட சென்னைக்காரர்கள் சண்டைக்கு அஞ்சலாமா என்று கேட்கிறீர்கள். குத்துச்சண்டை வளர்ந்த தெருக்களில் பிறந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா? அந்த ஆட்டத்துக்குக் கயிறு கட்டிய மேடை உண்டு, மணி உண்டு, எடைப் பிரிவு உண்டு. எழுபது கிலோ ஆள் ஐம்பது கிலோ ஆளோடு மோத முடியாது. கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர் முகத்தில் ஒருவர் குத்தினால் அவரை வீரர் என்று எந்த உஸ்தாதும் சொல்ல மாட்டார். கையுறையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவார். உங்கள் பகுதியின் பெயரை வைத்து நீங்கள் கேட்பது சண்டை அன்று, வேட்டை. இரண்டுக்கும் நடுவில் அந்தக் கயிறு இருக்கிறது.

இந்த வழக்கு உங்கள் கடலில் தொடங்கியதும் இல்லை. 1997 செப்டம்பரில் ‘அல்டிமா ஆன்லைன்’ வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் வாழலாம், தச்சு வேலை செய்யலாம், மீன் பிடிக்கலாம், நகரத்துக் காவலர்களின் எல்லையைத் தாண்டிவிட்டால் ஒருவரை ஒருவர் கொல்லவும் செய்யலாம் என்று வைத்திருந்தார்கள். மக்கள் தாமே காவலும் நீதியும் ஏற்படுத்திக்கொள்வார்கள் என்பது வடிவமைத்தவர்களின் நம்பிக்கை. நடந்ததோ வேறு. காட்டில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த புதியவரைக் கூட்டமாக வந்து கொன்று, அவர் மூட்டையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கொலையாளிகளின் பெயரைச் சிவப்பு நிறத்தில் காட்டிப் பார்த்தார்கள், தலைக்கு விலை வைக்கவும் வழி செய்தார்கள், எதுவும் போதவில்லை. 2000-இல் உலகத்தையே இரண்டாக்கினார்கள். பழைய நிலம் ‘ஃபெலூக்கா’ ஆனது; அங்கே மரங்கள் பட்டுப்போயின, பழைய சட்டம் நீடித்தது. அதன் நகலான ‘டிராமெல்’ பச்சையாகவே இருந்தது. அங்கே சம்மதமில்லாமல் யாரையும் தாக்க முடியாது. குடியிருந்தவர்கள் பெருவாரியாகப் பச்சை நிலத்துக்குப் போனார்கள்.

இப்போது கவனியுங்கள். சண்டையை விரும்பியவர்கள் அனைவருக்கும் ஃபெலூக்கா அப்படியே இருந்தது. சண்டைதான் வேண்டும் என்றால் அவர்கள் கொண்டாடியிருக்க வேண்டும். சண்டை போட விரும்புகிறவர்கள் மட்டுமே மிஞ்சிய நிலம் அல்லவா அது! ஆனால் அவர்கள்தான் அதிகம் புலம்பினார்கள், விளையாட்டே செத்துவிட்டது என்றார்கள். உங்கள் கடிதத்திலும் அதே புலம்பல் இருக்கிறது. உங்கள் கடலில் இன்று இருப்பவர்கள் எல்லோரும் பீரங்கியோடு வந்தவர்கள். அவர்களோடு மோதுங்கள் என்றால், கடல் வெறிச்சோடிவிட்டது என்கிறீர்கள். அங்கே இல்லாமல் போனது யார் என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ‘மட்’ என்னும் எழுத்துவடிவ உலகை 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் ஒரு கட்டுரையில் ஆட்டக்காரர்களை நால்வகையாகப் பிரித்தார்: சாதிப்பவர்கள், சுற்றிப் பார்ப்பவர்கள், கூடிப் பேசுபவர்கள், பிறரை வதைப்பவர்கள். நான்காம் வகையினர் பெருகினால் கூடிப் பேச வந்தவர்கள் வெளியேறிவிடுவார்கள் என்று அவர் அன்றே எழுதிவிட்டார். இன்னொரு கடல் திறந்ததால்தான் உங்கள் கடலில் ஆள் குறைந்தது என்கிறீர்கள். துரத்தியவர்கள் இருந்ததால்தான் இன்னொரு கடலே தேவைப்பட்டது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் பார்ட்டில் அல்லர். நானே அந்த நான்காம் வகை.

எனக்குப் பன்னிரண்டு வயது. இராயபுரத்தில், 1856-இல் திறந்த அந்தப் பழைய ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எங்கள் வீடு. கோடை விடுமுறையில் பிற்பகலானால் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும். எல்லா மாடிகளிலிருந்தும் காத்தாடிகள் மேற்கே போகும். என் அண்ணன் டீல் போடுவதில், அதாவது நூலோடு நூலை உரசவிட்டு எதிராளியின் காத்தாடியை அறுப்பதில், பேர்போனவன். பழைய டியூப் லைட்டை இடித்து, வேட்டித் துணியில் சலித்து, வஜ்ஜிரத்தோடும் சாயத்தோடும் காய்ச்சி, இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே நூலை ஓட்டி மாஞ்சா போடுவான். அவனது ஆட்காட்டி விரலின் முதல் கணுவில் அழியாத கோடு ஒன்று இருந்தது. அந்த மாஞ்சா பின்னாளில் இருசக்கர வண்டியில் போனவர்களின் கழுத்தை அறுத்த கதை தனி. தடை வந்தது நல்லதே. காத்தாடியே விடாதவனும் அதில் செத்தான் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வானத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வால் கட்டிய காத்தாடியோடு டீல் போடக் கூடாது. வால் கட்டினால் காத்தாடி ஆடாமல் நிற்கும். ஆனால் சட்டென்று திரும்பாது, பாயாது, அதனால் சண்டைக்கு உதவாது. சின்னப் பிள்ளைகளும், சும்மா விட்டு மகிழ வந்தவர்களும் வால் கட்டுவார்கள். அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் தெரியும், இவன் வரவில்லை என்று. பாயும் வித்தையை விட்டுக்கொடுத்துத்தான் அந்த அமைதியை வாங்கினார்கள்; விலையும் நியாயமானதாகவே இருந்தது.

எங்களுக்கு மேற்கே மூன்றாவது மாடியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து, செய்தித்தாள் வால் கட்டிய காத்தாடியை வெறும் நூலில் விடுவான். எங்கள் மாடி கிழக்கே இருந்ததால் என் நூல் அவன் தலைக்கு மேலாகத்தான் போகும். ஒருநாள் அண்ணனிடம் சாயம் தீர்ந்துபோய் ஒரு கண்டு மாஞ்சாவை வெள்ளையாகவே போட்டு வைத்திருந்தான். அவன் இல்லாத நேரத்தில் அதை எடுத்தேன். பிறகு, தம்பி, என் காத்தாடிக்கும் ஒரு வால் கட்டினேன். வெள்ளை நூல், செய்தித்தாள் வால்; பெரியவர்கள் யாரும் என்னைத் தொட மாட்டார்கள். அப்படியே நகர்த்திக் கொண்டுபோய் அவன் நூலின் மேல் என் நூலைப் போட்டு இழுத்தேன். அவன் கையில் நூல் தொய்ந்தது. கொடியில் காய்ந்த புடவையின் மேல் அது சுருண்டு விழுந்தது. தன் நூல்தான் இற்றுப்போய்விட்டது என்று நினைத்தான் போலும். மேலே ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சுற்றத் தொடங்கினான். மறுநாள் நூலை இரட்டித்து முடிந்துகொண்டு வந்தான். நான்கு நாட்களில் நான்கு காத்தாடிகளை அறுத்தேன். ஐந்தாம் நாள் தொட்டியின் மேல் யாரும் இல்லை. அந்த வாரத்திலேயே மற்ற வால் காத்தாடிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

எனக்குச் சலிப்பு வந்தது. அண்ணனின் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் வானத்தில் இருந்தார்கள்; வாலை அவிழ்த்துவிட்டு அவர்களோடு மோதியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. வெயிலில் என் நூல் மின்னியதைக் கண்டுகொண்ட ஒருவர் அடுத்த நாளே என் காத்தாடியை அறுத்து ரயில் தண்டவாளத்துப் பக்கம் அனுப்பினார். அழுதேன். வால் கட்டியிருந்தேனே என்று அண்ணனிடம் முறையிட்டதற்கு அவன் கொடுத்த அறை இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே விலகும் வசதியைப் பற்றி நான் கவலைப்படுவது ஒரே ஓர் இடத்தில்தான். அந்த வால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கட்டியவரையும் கட்ட வேண்டும். ‘ஜிடிஏ ஆன்லைன்’ விளையாட்டின் ‘பாசிவ் மோட்’ நிலையில் பிறர் உங்களைச் சுட முடியாது, நீங்களும் ஆயுதம் எடுக்க முடியாது. அந்த இரண்டாம் பாதி இல்லாவிட்டால் அது வெள்ளை மாஞ்சா. ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டில் ‘வைல்டர்னஸ்’ என்னும் பகுதிக்கு முன்னால் ஒரு சிறு பள்ளம் வெட்டி வைத்தார்கள். தாண்டினால் தாக்கப்படலாம் என்று குழந்தைக்கும் தெரியும். 2007 டிசம்பரில் அங்கே நடந்த சண்டையை நிறுவனம் எடுத்துவிட்டபோது ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள்; வாக்கெடுப்பு நடத்தி 2011 பிப்ரவரியில் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கொதிப்பை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அவர்கள் கேட்டது பள்ளத்துக்கு அப்பால் உள்ள நிலத்தை மட்டுமே. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2018-இல் ‘வார் மோட்’ கொண்டுவந்தபோது, தலைநகருக்குப் போய்த்தான் அதை இயக்க முடியும் என்று வைத்தது. ஓடிக்கொண்டே பாதி வழியில் வாலை அவிழ்க்க முடியாது. அமைதியாக இருப்பவருக்கு அபராதம் போடாமல், ஆபத்தை ஏற்றவருக்கு அனுபவப் புள்ளிகளில் பத்து சதவீதம் கூட்டிக் கொடுத்தது. உங்கள் விளையாட்டின் தனிக் கடலில் அறிமுகத்தின்போது பொன் முப்பது சதவீதம்தான் கிடைத்தது; என் கணக்கில் அது வாலின் எடையைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனாலும் அதற்காகச் சண்டை பிடிக்க மாட்டேன்.

எல்லா விளையாட்டும் இதைத் தர வேண்டுமா என்றால், இல்லை. பாராசூட்டில் நூறு பேர் குதித்து ஒருவர் மிஞ்சும் ‘பிஜிஎம்ஐ’ ஆட்டத்தில் விலகுவதற்கு என்ன இருக்கிறது? குதித்ததே சம்மதம். 2003 முதல் நடக்கும் ‘ஈவ் ஆன்லைன்’ பாதுகாப்பு மிகுந்த மண்டலத்திலும் உங்களைத் தாக்க விடும். காவல் படை பிறகு வந்து தாக்கியவரின் கப்பலை உடைக்குமே தவிர உங்கள் கப்பலைக் காப்பாற்றாது. அதை வாசலிலேயே தெரிந்துகொண்டு போகிறார்கள். புதையல் வேட்டை, மீன்பிடி, நண்பர்களோடு பாட்டு என்று எல்லாரையும் கூப்பிட்டுக் கடை விரித்த விளையாட்டுக்கு அந்தச் சாக்குக் கிடையாது.

வேறு விளையாட்டுக்குப் போகலாமே என்கிறீர்கள். உங்கள் தங்கை போகவில்லை. அதே கடல், அதே கப்பல், அதே பாய்மரம் அவளுக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் அவளுக்குக் கொடுத்த விளையாட்டு அது. கடிதத்தில் அவளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், மிச்சமெல்லாம் அந்த வரியைச் சொல்லத் தயங்கி எழுதியவை என்று எனக்குப் பட்டது. வருகிற விடுப்பு நாளில் அவளுடைய கடலில், அவளுடைய குழுவில் சேர்ந்து ஆடுங்கள். சுக்கானை அவளே பிடிக்கட்டும். நீங்கள் பாயை இழுத்துக் கட்டுங்கள், ஓட்டை விழுந்தால் வாளியில் தண்ணீர் இறையுங்கள்.

மூன்று மணி நேரப் புதையலைக் கரைக்கு அருகில் அவள் பறிகொடுத்த அன்று நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அதை மட்டும் எழுதி அனுப்புங்கள். பெயர் போட மாட்டேன்.