பஸ் போர்டு தெரிகிறது, கையில் இருக்கும் காய் தெரியவில்லை

கேள்வி: எனக்கு 44 வயது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. தூரத்தில் வரும் மூணாறு பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுகிறேன். ஆனால், கையில் இருக்கும் காய் வெளுத்ததா, பூச்சி துளைத்ததா என்று சாயங்காலமானால் தெரிவதில்லை. கையை நீட்டி வைத்துப் பார்க்கிறேன். செல்போன்தான் காரணம் என்கிறாள் மகள். கண்ணாடி போட்டால் அப்புறம் கழற்றவே முடியாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என்ன செய்யலாம் டாக்டர்?

பதில்: செல்போன் மேல் பழி போடாதீர்கள். இது வெள்ளெழுத்து. உங்கள் பாட்டி சாளேசரம் என்று சொல்லியிருப்பார்.

வெளிச்சத்தை விழித்திரையில் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையை கண்ணின் முன்பக்கத்துக் கார்னியா பார்த்துக்கொள்கிறது. ஆனால், அதன் வளைவு மாறாது. பஸ்ஸைப் பார்த்த கண் காயைப் பார்க்க வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் லென்ஸ் சற்று உப்ப வேண்டும். சின்ன வயதில் மெத்தென்று இருக்கும் அந்த லென்ஸ் வருடாவருடம் இறுகிக்கொண்டே போகிறது. 40-ஐத் தாண்டினால் போதுமான அளவு உப்பாது. கை நீள்வது அதனால்தான்.

சாயங்காலம் ஏன் மோசமாகிறது? வெளிச்சம் குறைந்தால், கண்ணின் நடுவே ஒளி நுழையும் துளையான பாப்பா விரிகிறது. விரிந்தால் மங்கல் கூடும். ஒரு அட்டையில் ஊசியால் துளை போட்டு, நல்ல வெளிச்சத்தில் அதன் வழியாகக் காயைப் பாருங்கள். தெளிந்தால் கோளாறு பெரும்பாலும் குவிப்பதில்தான். தெளியாவிட்டால் சீக்கிரம் டாக்டரைப் பாருங்கள்.

அக்கா சொல்வது தவறு. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் இறுகத்தான் செய்யும். 60 வயது வரை பவர் மெல்ல ஏறும். கண்ணாடி இல்லாமல் சமாளிப்பதில் நஷ்டம்தான். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது கடந்த 751 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட சுமார் 20 சதவீதம் கூடியது. பறிப்பதற்கே அப்படியென்றால், பொறுக்குவதற்கு?

சந்தையில் விற்கும் கண்ணாடியை நான் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், முதலில் ஒருமுறை கண் டாக்டரிடம் போங்கள். கண் நீர் அழுத்தம் சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும். சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் பார்க்க வேண்டும். போகும்போது ஒரு பிடி காய் எடுத்துப்போங்கள். புத்தகம் படிக்கும் தூரம் வேறு, நீங்கள் காய் பொறுக்கும் தூரம் வேறு. வேலை செய்கிற மாதிரியே உட்கார்ந்து பார்த்து, அந்தத் தூரத்துக்குப் பவர் எழுதித் தரச் சொல்லுங்கள்.