பழைய கம்ப்யூட்டர்கள் பேசிய, ஆவணமே இல்லாத நெட்வொர்க் மொழியை நாமே கண்டுபிடிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும்ங்க. நான் ஒரு முறை செய்து முடித்திருக்கிறேன், அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

2018-ல் பல்லடம் பக்கம் ஒரு நூற்பு மில். மொத்தம் 24 ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்), ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்ன இரும்பு டப்பா. எல்லா டப்பாக்களையும் ஒரே ஒரு முறுக்கு ஒயர் ஜோடி கோத்துக்கொண்டு போய் சூப்பர்வைசர் அறையில் இருந்த டாஸ் கம்ப்யூட்டரில் முடியும். எந்த மெஷின் எத்தனை ஹாங்க் (நூல் நீளத்தின் அளவு) ஓட்டியது என்று ஷிஃப்டுக்கு ஒரு ரிப்போர்ட் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் வரும். அமைத்துக் கொடுத்த நிறுவனம் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, மேனுவல் இல்லை, சோர்ஸ் கோட் இல்லை, ஹார்ட் டிஸ்க் வேறு சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. டப்பாக்கள் மட்டும் 24-ம் நன்றாக வேலை செய்தன. புதுக் கம்ப்யூட்டர் வைத்தால் அது அந்த டப்பாக்களோடு அவை பேசுகிற மொழியிலேயே பேச வேண்டும். முதல் வேலையாக டிஸ்கை அப்படியே நகல் எடுத்து வைத்துவிட்டேன். நீங்களும் அதைச் செய்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். விரல் நமக்குத் தெரியாது. ஆனால் எந்த மாடு கை மாறியது, எவ்வளவு பணம் எண்ணினார்கள் என்பது தெரியும், நாலு பேரம் பார்த்தால் எந்தப் பிடி எந்தத் தொகை என்று பிடிபட ஆரம்பிக்கும். இந்த வேலையும் அதேதான். பைட்டுகளை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் வராது, அதே நேரத்தில் வெளியே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒயரில் ஓடியது ஆர்.எஸ்.485, ஒரே லைனில் பல கருவிகள் பேசுவதற்கான மின் முறை. ஒரே ஜோடியில் கேள்வியும் போகும், பதிலும் வரும். அதை என் கம்ப்யூட்டரோடு இணைக்க நான் போட்ட கன்வெர்ட்டரில் அனுப்பும் பகுதியைச் செயலிழக்க வைத்து, கேட்க மட்டும் விட்டேன். ஓடுகிற மில்லில் நம்மால் ஒரு பிட் கூட லைனில் போகக் கூடாது. கன்வெர்ட்டரிலேயே, லைன் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், லைனின் இரண்டு முனையிலும் ஏற்கெனவே இருக்கும், நடுவில் மூன்றாவது வேண்டாம்.

வேகம் கண்டுபிடிப்பது எளிது. லாஜிக் அனலைசரில் (லைனின் ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு காட்டும் கருவி) மிகக் குறுகிய பல்ஸை அளந்தால் போதும். எனக்கு 208 மைக்ரோ செகண்ட் வந்தது, அப்படியென்றால் 4800 பாட், அதாவது நொடிக்கு 4800 பிட். ஆனால் 8 பிட், பாரிட்டி (பிழை பிடிக்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) இல்லை என்று வைத்துப் படித்தபோது எண்கள் (0-9, அப்புறம் ஏ-எஃப் என்று எழுதும் ஹெக்ஸ் முறையில்) வினோதமாக வந்தன: 30, பி1, பி2, 33, பி4, 35, 36, பி7. அரை நாள் இதோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் 0 முதல் 9 வரையான இலக்கங்கள் 30-லிருந்து 39 வரை என்பதும், ஒன்றுகள் ஒற்றைப்படையாக வரும் எழுத்துகளுக்கு மட்டும் மேல் பிட் ஏறியிருக்கிறது என்பதும் கண்ணில் பட்டது. அதாவது 7 பிட், இரட்டைப் பாரிட்டி. மாற்றியதும் எல்லாம் வாசிக்கிற மாதிரி ஆகிவிட்டது: 02-ல் தொடக்கம், இரண்டு இலக்க மெஷின் நம்பர், ஓர் எழுத்து, சில எண்கள், 03-ல் முடிவு, கடைசியில், செய்தி பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்க ஒரு செக் பைட்.

செக் பைட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு பிட் மட்டும் வேறுபடுகிற இரண்டு செய்திகளைத் தேடி எடுங்கள். செக் பைட்டிலும் அதே பிட் மட்டும் எப்போதும் மாறினால் எக்ஸ்-ஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறானால் 1 போடும் கணக்கு), கூட்டல் கணக்குப்படி நகர்ந்தால் கூட்டுத்தொகை, பல பிட் தாறுமாறாகப் புரண்டால் சி.ஆர்.சி. (வகுத்தல் மீதியை வைத்த கணக்கு). எங்களுடையது எக்ஸ்-ஆர். ஆனால் நான் போட்ட கணக்கு எப்போதும் சரியாக 03 தள்ளியே வந்தது. முடிவு பைட்டான 03-ஐயும் கணக்கில் சேர்த்ததும் பொருந்திவிட்டது. இப்படி ஒரே அளவு விடாமல் தள்ளி வருகிறதென்றால் சந்தோஷப்படுங்கள், கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள்.

இனிதான் உண்மையான வேலை: எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

டப்பாவின் பதிலில் ஆறு ஹெக்ஸ் இலக்கங்கள். கடைசி நாலு ஏறிக்கொண்டே போகும், முதல் இரண்டு எப்போதும் 00. சரி, முதல் இரண்டு மெஷின் நிலைமை, கடைசி நாலு எண்ணிக்கை என்று நோட்டில் எழுதிவிட்டேன். மேஸ்திரி அண்ணன் பக்கத்திலேயே இருந்தார். “தம்பி, ஏழு இப்ப டாஃபுக்கு நிக்கும்ங்க, பாத்துக்குங்க” என்பார். டாஃப் என்றால் நூல் நிறைந்த கட்டைகளை எடுத்துவிட்டுக் காலிக் கட்டைகளை மாட்டுவது. நின்றதும் எண்ணிக்கையும் நிற்கும், ஓடினால் ஓடும். நூலை வெளியே தள்ளும் முன் ரோலரின் சுற்றுதான் அது என்பதும் ஒரு மணி நேரத்தில் உறுதியானது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 ஏறியது. உற்பத்தியை நிறுத்தாமலேயே வேண்டிய சோதனை எல்லாம் டாஃப் நேரத்தில் கிடைத்தது, அவர் இல்லாமல் இது நடந்திருக்காது.

அன்று காலை எட்டு மணிக்குத் தொடங்கிய ஷிஃப்ட். மதியம் ஒன்றரை வாக்கில் ஏழாம் மெஷினில் அந்த 00 திடீரென்று 01 ஆனது. ஏதோ கோளாறு அறிவிப்பு என்று நினைத்து ஃபிட்டரைக் கூப்பிட்டோம், அவர் பார்த்துவிட்டு மெஷினில் ஒன்றுமே இல்லை என்றார். கொஞ்ச நேரத்தில் மூன்று, அப்புறம் பன்னிரண்டு என்று வரிசையாக எல்லாவற்றிலும் 01. வேகமாக ஓடுகிற மெஷினில் முதலில், மெதுவாக ஓடுவதில் பிந்தி. பதிவைத் திருப்பிப் பார்த்தால், 01 வந்த அதே நொடியில் கடைசி நாலு இலக்கம் எஃப்எஃப்எஃப்எஃப் வரை போய் 0000-க்குத் திரும்பியிருக்கிறது. நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் 65,536 சுற்று முடிய ஐந்து மணி 28 நிமிடம். அது நிலைமையும் இல்லை, அறிவிப்பும் இல்லை, ஆறு இலக்கமும் சேர்ந்து ஒரே எண். ஒரு மணி நேரப் பதிவோடு எழுந்து வந்திருந்தால் தினமும் மதியம் ஒன்றரைக்கு மேல் தப்பான கணக்குக் காட்டுகிற மென்பொருளை எழுதிக் கொடுத்திருப்பேன், அதை நம்பி ஆட்களுக்கு இன்சென்டிவ் போட்டிருப்பார்கள். இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் ஒரு வாரம், நேரத்தோடு பதிவு செய்யுங்கள். ஷிஃப்ட் மாறும்போது மட்டும் கம்ப்யூட்டர் 00 என்ற மெஷின் நம்பருக்கு ஒரு செய்தி அனுப்பும், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், ஆனால் அத்தனை எண்ணிக்கையும் பூஜ்யமாகும். நாளைக்கு மூன்றே தடவை வருகிற செய்தி அது.

உங்களிடம் இருப்பது ஈதர்நெட் என்றால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கலாம். ஸ்விட்ச் வழியாகப் போனால் மற்றவர்கள் பேசுவது காதில் விழாது, எல்லாருக்கும் எல்லாவற்றையும் அனுப்பும் பழைய ஹப் ஒன்று தேடிப் பிடியுங்கள். பதிவை வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். நாவல் நெட்வேர் (பழைய ஆபீஸ் நெட்வொர்க் சிஸ்டம்) மாதிரியானவற்றை அது தானாகவே பிரித்துக் காட்டும். நெட்வேர் பாக்கெட்டின் முன்னால் வரும் ஐ.பி.எக்ஸ். தலைப்பு 30 பைட், முதல் இரண்டு பைட் பெரும்பாலும் எஃப்எஃப் எஃப்எஃப். அதற்கு அப்புறம் 2222 என்று ஆரம்பித்தால் கேள்வி, 3333 என்றால் பதில், கண்ணாலேயே அடையாளம் தெரியும். மற்ற சிஸ்டங்கள் விண்டோஸோடு ஃபைல் பகிர உதவும், இன்று உலகம் முழுக்க ஓடுகிற சம்பா மென்பொருளும் இப்படித்தான் பிறந்தது. 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் லைனில் போன பாக்கெட்டுகளைக் கேட்டுக் கேட்டே சர்வரை எழுதினார், அந்த மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர் இருப்பதே அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சட்டப்படி சரியா என்று சிலர் தயங்குவார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது: மென்பொருளை முறைப்படி வைத்திருப்பவர், வேறு வழியில் எளிதாகக் கிடைக்காத தகவலை, தனியாக எழுதிய இன்னொரு மென்பொருளோடு அதை இணைத்து இயக்குவதற்காகக் கண்டுபிடிக்கலாம்.

புதியதை வைத்ததும் பழையதைக் கழற்றாதீர்கள். நாங்கள் 15 நாள் பழையதையே பேசவிட்டு, புதியதைக் கேட்க மட்டும் வைத்து ரிப்போர்ட்டை ஒப்பிட்டோம். ஏழாம் மெஷினில் ஒரு ஷிஃப்டுக்கு 016எஃப்84, அதாவது 94,084 சுற்று, பழைய ரிப்போர்ட்டில் 9.62 ஹாங்க். ஒரு ஹாங்க் 840 கஜம், 25 மில்லிமீட்டர் ரோலருக்கு அது 9,780 சுற்று, கணக்கு அச்சாகப் பொருந்தியது. ஆனால் 17 முதல் 24 வரை மட்டும் என் எண் 7.4 சதவீதம் குறைவாகவே வந்தது. இரண்டு நாள் புரோட்டோகாலிலேயே தப்பைத் தேடிவிட்டு மேஸ்திரி அண்ணனிடம் கேட்டேன். “அந்த எட்டும் பின்னாடி வாங்குனதுங்க, ரோலர் கொஞ்சம் பெருசு” என்றார். அளந்தால் 27 மில்லிமீட்டர். அந்த எட்டுக்கும் 9,055 என்று போட்டதும் இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றாகிவிட்டன.

உங்கள் கம்ப்யூட்டரின் பின்னால் என்ன கனெக்டர் இருக்கிறது, ஒயர் எப்படி இருக்கிறது என்று கருத்தில் எழுதுங்கள், முடிந்தால் ஒரு நாள் பதிவையும் போடுங்கள், நானும் சேர்ந்து பார்க்கிறேன்.